தோசை மாஸ்டரும் சர்வரும்

2000-ம் வருஷம், டிசம்பர் 15. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில் ஒரு கம்பெனி தன் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது.

பெயர் 3டிஎஃப்எக்ஸ்.

இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் 1997, 98-ல் கம்ப்யூட்டரில் கேம் விளையாடிக்கொண்டிருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். பழைய காதலியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். அந்தக் கம்பெனி தயாரித்த 'வூடூ' கார்டு வைத்திருப்பவன் அன்றைக்கு ராஜா. இல்லாதவன், ராஜா வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன்.

அப்பேர்ப்பட்ட கம்பெனி, தன் பேடன்ட்டுகள், பிராண்ட் பெயர்கள் எல்லாவற்றையும் பரம வைரியான என்விடியாவுக்கே விற்கச் சம்மதித்தது. விலை 7 கோடி டாலர் ரொக்கம், கூடவே 10 லட்சம் என்விடியா ஷேர்கள். 2002 அக்டோபரில் திவால் நோட்டீஸும் கொடுத்தாகிவிட்டது. கதை முடிந்தது.

ஒரு கம்பெனி சாவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றாக இருக்காது. 3டிஎஃப்எக்ஸ் விஷயத்திலும் நிர்வாகக் கோளாறு, தாமதம், தப்பான நேரத்தில் வாங்கிய ஃபேக்டரி என்று பட்டியல் நீளம். ஆனால் பட்டியலில் ஒன்று, உங்களுக்கும் எனக்கும் சம்பந்தப்பட்டது. கம்ப்யூட்டருக்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் ப்ராசஸர். இன்னொருவர் கிராஃபிக்ஸ் கார்டு. எந்த வேலையை யார் செய்வது?

'அப்பா, கேம் திக்கித் திக்கி ஓடுது. கார்டு மாத்தணும்' என்று வீட்டுப் பையன் வந்து நிற்கும்போது உங்கள் பர்ஸ் சந்திப்பதும் இதே கேள்விதான். பல கம்பெனிகள் கோடிக்கணக்கில் தோற்ற கேள்வி. அதனால் கொஞ்சம் சரித்திரம் தெரிந்துகொள்வது நல்லது.

* * *

முதலில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

ஒரு டிபன் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேஜை மேஜையாகப் போய், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, உள்ளே திரும்பி 'ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு ஊத்தப்பம்' என்று குரல் கொடுக்கிறவர் சர்வர். (கம்ப்யூட்டர் சர்வர் இல்லை சார், ஓட்டல் சர்வர்!) கல்லுக்கு முன்னால் நின்று வார்த்துத் தள்ளுகிறவர் தோசை மாஸ்டர்.

ப்ராசஸர்தான் சர்வர். கிராஃபிக்ஸ் கார்டுதான் மாஸ்டர்.

எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான், குண்டு யார்மேல் பட்டது, கதவு திறந்ததா, நீங்கள் மவுஸை எந்தப் பக்கம் இழுத்தீர்கள் - இந்தக் கணக்கெல்லாம் ப்ராசஸருடையது. போட்டு முடித்ததும் 'இந்தச் சுவரை வரை, அந்த மரத்தை வரை' என்று கார்டுக்கு ஆர்டர் போகும். கார்டு வரைந்து திரைக்கு அனுப்பும். இப்படி வரைந்த ஒரு படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். வினாடிக்கு 60 ஃபிரேம் வந்தால் கண்ணுக்குச் சுகம். அப்படியானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி செகண்ட். கண் சிமிட்டுவதற்குக்கூட இதைவிட அதிக நேரமாகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த அளவு கணக்குதான், பயப்பட வேண்டாம்.

உங்கள் ப்ராசஸர் ஒரு ஃபிரேமுக்கான ஆர்டரை 10 மில்லி செகண்டில் தயார் செய்கிறது. கார்டு அதை வரைய 20 மில்லி செகண்ட் எடுக்கிறது. மாஸ்டர் ஒரு தோசையை வார்த்துக்கொண்டிருக்கும்போதே சர்வர் அடுத்த ஆர்டரை வாங்கிவிடுவார் என்பதால், இரண்டையும் கூட்டக் கூடாது. மெதுவாக இருப்பவர் யாரோ, அவர் வேகம்தான் கடையின் வேகம். ஆக, வினாடிக்கு 50 ஃபிரேம்.

சரி, பையன் பேச்சைக் கேட்டு நாலு மடங்கு வேகமான கார்டு வாங்கிவிட்டீர்கள். அது 5 மில்லி செகண்டில் வரைந்து முடிக்கும். அப்படியானால் நாலு மடங்கு, அதாவது 200 ஃபிரேம் வர வேண்டுமா இல்லையா?

வராது. 100-தான் வரும். சர்வர் இன்னமும் 10 மில்லி செகண்டுக்கு ஓர் ஆர்டர்தானே கொண்டுவருகிறார்? மாஸ்டர் பாதி நேரம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். நீங்கள் கொடுத்த காசில் பாதி, அந்தச் சும்மா நிற்பதற்கான சம்பளம்.

இதே விஷயத்தை 1967-லேயே ஒருவர் சொல்லிவிட்டார். ஐ.பி.எம்.மின் புகழ்பெற்ற சிஸ்டம்/360 கம்ப்யூட்டர்களை வடிவமைத்தவர்களில் தலையானவர், ஜீன் ஆம்டால். அந்த வருஷம் அட்லான்டிக் சிட்டியில் நடந்த ஒரு மாநாட்டில் அவர் எழுப்பிய வாதத்துக்கு இன்று 'ஆம்டால் விதி' என்று பெயர். ஒரு வேலையின் எந்தப் பகுதியை நீங்கள் வேகப்படுத்தவில்லையோ, அதுதான் மொத்த வேகத்துக்கு எல்லை கட்டும். 100 நிமிஷ வேலையில் 40 நிமிஷத்தை வேகப்படுத்த முடியாது என்றால், மிச்ச 60-ஐ ஒரு நொடியில் முடிக்கும் மந்திரவாதியே வந்தாலும் மொத்தத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் தேறாது.

விதி எளிமையானது. ஆனால் அந்த 40 நிமிஷம் யார் தலையில் இருக்கிறது என்பதுதான் பிரச்னை. அது மாறிக்கொண்டே இருந்தது.

* * *

ஆதியில் மாஸ்டர் என்று ஒருவரே கிடையாது. சர்வரேதான் தோசையும் வார்த்தார்.

1993 டிசம்பர் 10-ம் தேதி வெளியான 'டூம்' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸ் நகரத்தை ஒட்டிய மெஸ்கீட்டில் இருந்த 'இட் சாஃப்ட்வேர்' என்ற சின்னக் கம்பெனியின் சரக்கு. ஜான் கார்மாக் என்ற இருபத்து சொச்சம் வயசுப் பையன்தான் அதன் மூளை. டூமின் திரை 320-க்கு 200. அதாவது 64,000 புள்ளிகள். அத்தனை புள்ளியையும் ப்ராசஸரே கணக்குப் போட்டு, ப்ராசஸரே வரைந்தது. அன்றைய வீடியோ கார்டின் வேலை, வரைந்ததை வாங்கித் திரைக்கு அனுப்புவது மட்டுமே. தட்டு தூக்கும் பையன் மாதிரி.

அப்போதும் சமநிலைப் பிரச்னை இல்லாமல் இல்லை. வேகமான 486 ப்ராசஸரை வாங்கிப் போட்டு, பழைய மந்தமான வீடியோ கார்டை அப்படியே விட்டவர்களுக்கு டூம் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. தட்டு தூக்கும் பையன் நொண்டியடித்தால் பரிமாறல் எப்படி நடக்கும்?

அடுத்து, 1996 ஜூனில் 'குவேக்' வந்தது. அதே கம்பெனி. இந்த முறை நிஜமான முப்பரிமாணம். சுவரில் ஒட்டிய படம் தூரத்துக்குத் தக்கபடி சரியாகச் சுருங்கித் தெரிய, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் கணக்கு வேண்டும். வகுத்தல் என்றால் ப்ராசஸருக்கு முழி பிதுங்கும். கார்மாக்கும் அவருடைய சகா மைக்கேல் ஏப்ரஷும் ஒரு தந்திரம் செய்தார்கள். 16 புள்ளிக்கு ஒருமுறை மட்டும் வகுத்தால் போதும். இன்டெலின் பென்டியத்துக்குள் தசமக் கணக்குக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. அது வகுத்துக்கொண்டிருக்கும்போதே மற்ற பகுதி இந்த 16 புள்ளியையும் வரைந்துவிடும்.

அபாரமான யோசனை. ஆனால் இதில் ஒரு கம்பெனிக்கு நல்ல அடி விழுந்தது.

சைரிக்ஸ் என்று ஒரு ப்ராசஸர் கம்பெனி. அதன் '6எக்ஸ்86' சிப், பென்டியத்தைவிட மலிவு. ஆபீஸ் வேலைகளில் பென்டியத்துக்குச் சமமாகவும், சில சமயம் மேலாகவும் ஓடியது. 133 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கே '166+' என்று தைரியமாகப் பெயர் வைத்து விற்றார்கள். ஒரே பலவீனம், தசமக் கணக்குப் பகுதி மந்தம். அதனால் என்ன, லெட்டர் அடிக்கிறவனுக்கும் கணக்கு எழுதுகிறவனுக்கும் அது எதற்கு என்று நினைத்தார்கள்.

குவேக் வந்தது. சைரிக்ஸ் தவழ்ந்தது. 'சைரிக்ஸில் குவேக் ஓடாது' என்று ஊரெல்லாம் பேச்சு பரவியது. 1997-ல் நேஷனல் செமிகண்டக்டர் கம்பெனி சைரிக்ஸை வாங்கிப்போட்டது. 1999-ல் தைவானின் வியாவுக்குக் கைமாற்றிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சைரிக்ஸின் தலைமையகம் ரிச்சர்ட்சன். அதுவும் டல்லஸை ஒட்டிய ஊர்தான். மானம் போகக் காரணமான விளையாட்டு, அதே டல்லஸின் இன்னொரு மூலையிலிருந்து கிளம்பி வந்தது.

* * *

அதே 1996-ல்தான் தோசை மாஸ்டர் கடைக்குள் நுழைந்தார்.

அவர் பரம்பரை பெரிய பரம்பரை. 1963-ல் எம்.ஐ.டி.யில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற புரோகிராமை எழுதி, கம்ப்யூட்டர் திரையில் நேரடியாகப் படம் வரைய முடியும் என்று காட்டியவர் ஐவன் சதர்லண்ட். அவரிடம் யூட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் ஜிம் கிளார்க். முப்பரிமாணக் கணக்குக்கென்றே தனி சிப் செய்து, சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். அங்கே வேலை பார்த்து வெளியே வந்த ராஸ் ஸ்மித், கேரி டரோலி, ஸ்காட் செல்லர்ஸ் என்ற மூன்று பேர் 1994-ல் தொடங்கியதுதான் 3டிஎஃப்எக்ஸ்.

சிலிகான் கிராஃபிக்ஸ் மெஷின்கள், சாமானியன் கண்ணால்கூடப் பார்க்க முடியாத விலை. அந்த வித்தையை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர வேண்டும் என்பது மூவரின் ஆசை. 1996-ல் மெமரி சிப் விலை சரிந்தது. 4 மெகாபைட் மெமரியோடு ஒரு கார்டைச் சுமார் 300 டாலருக்கு விற்க முடிந்தது. வூடூ பிறந்தது.

வூடூவுக்கு எழுத்து, ஐகான், விண்டோஸ் எதுவும் காட்டத் தெரியாது. அதற்கு உங்கள் பழைய கார்டும் உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். கேம் ஆரம்பித்ததும் வூடூ பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆர்கிட் கம்பெனி வெளியிட்ட வூடூ கார்டில் அந்த நொடி 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த 'டிக்'குக்காகவே ஏங்கிய பையன்கள் உண்டு.

1997 ஜனவரியில் குவேக்கை இந்தக் கார்டுக்கு ஏற்றபடி கார்மாக் மாற்றிக் கொடுத்தார். முன்பு சதுரம் சதுரமாக, கரடுமுரடாகத் தெரிந்த சுவர்கள் வழவழ என்று ஆயின. தண்ணீருக்குள் பார்வை ஊடுருவியது. படமும் பெரிது, வேகமும் அதிகம். ப்ராசஸரின் தோளிலிருந்து பெரிய மூட்டை இறங்கிவிட்டது.

எல்லா மூட்டையும் இறங்கவில்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும். கேம் உலகம் முழுக்க முக்கோணங்களால் ஆனது. நீங்கள் தலையைத் திருப்பினால் ஒவ்வொரு முக்கோணத்தின் மூலையும் புது இடத்துக்கு நகர வேண்டும். அதன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று கணக்கிட வேண்டும். இந்த வேலை அப்போதும் ப்ராசஸரிடமே இருந்தது. வூடூ, வந்த முக்கோணத்துக்கு வண்ணம் அடித்தது. அவ்வளவுதான்.

அதனால் 1998-ல் வூடூ2 வந்தபோது கதை மாறியது. அது பழையதைவிடப் பல மடங்கு வேகம். காசு இருந்தால் இரண்டு கார்டு போட்டு ஜோடி சேர்க்கலாம். ஆசைப்பட்டு வாங்கிப் பழைய பென்டியத்தில் செருகியவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். எதிர்பார்த்த வேகம் வரவில்லை. முக்கோணக் கணக்கைப் போட்டுக் கொடுக்க முடியாமல் ப்ராசஸர் மூச்சு வாங்கியது. புதிய பென்டியம் II வைத்திருந்தவர்களுக்குத்தான் வூடூ2-வின் முழு பலம் கிடைத்தது.

அந்த வருஷ ஆகஸ்டில் இன்டெலே தெரியாத்தனமாக ஒரு வழி திறந்துவிட்டது. செலரான் 300ஏ. விலை 149 டாலர். 66 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய பஸ்ஸை 100-க்கு ஏற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். எல்லாச் சிப்பும் ஒத்துழைக்காது. ஆனால் ஏராளமானவை ஒத்துழைத்தன. அதே சமயம் வந்த நிஜமான பென்டியம் II 450-ன் விலை 669 டாலர். வித்தியாசம் 520 டாலர். கெட்டிக்காரர்கள் அந்த 520-ஐ என்ன செய்திருப்பார்கள்? நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினார்கள். ப்ராசஸரில் மிச்சம் பிடித்து கார்டில் போடு என்ற அப்கிரேடு வேதம் அந்தக் காலத்தில் வேர்விட்டதுதான்.

* * *

1999 இலையுதிர் காலம். என்விடியா 'ஜிஃபோர்ஸ் 256' என்ற கார்டை இறக்கியது. இதுதான் உலகத்தின் முதல் ஜி.பி.யு. என்று தம்பட்டம் அடித்தது. விளம்பரத்துக்குப் பின்னால் விஷயமும் இருந்தது. முக்கோண மூலைக் கணக்கு, வெளிச்சக் கணக்கு இரண்டையும் ப்ராசஸரிடமிருந்து பிடுங்கி, கார்டே செய்ய ஆரம்பித்தது.

ப்ராசஸர் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. இந்தக் கணக்கைத் தங்களிடமே வைத்துக்கொள்ள ஏற்கெனவே முயற்சி செய்திருந்தார்கள். 1998-ல் ஏ.எம்.டி. '3டி நவ்' என்ற புதுக் கட்டளைகளைச் சேர்த்தது. 1999 தொடக்கத்தில் இன்டெல் பென்டியம் III-ல் 'எஸ்.எஸ்.இ.' சேர்த்தது.

3டிஎஃப்எக்ஸ் எந்தப் பக்கம் நின்றது? ப்ராசஸர் பக்கம்! வேகமான ப்ராசஸர்கள் வந்துகொண்டே இருக்கும்போது அந்தக் கணக்கைக் கார்டு ஏன் செய்ய வேண்டும், புள்ளிகளை வேகமாக நிரப்புவதும் படத்தை அழகாக்குவதும்தான் கார்டின் வேலை என்பது அவர்கள் கட்சி.

சத்தியமாகச் சொன்னால், அந்த வருஷத்து நிலவரத்துக்கு அது அபத்தம் இல்லை. 1999-ன் கேம்களில் முக்கோணங்கள் குறைவு. ஏ.எம்.டி.யின் புது ஆத்லான் போன்ற ப்ராசஸர் அதைச் சமாளித்துவிடும். ஆனால் கேம் எழுதுகிறவர்கள், கார்டே கணக்குப் போடும் என்று தெரிந்ததும் விடுவார்களா? முக்கோணங்களை அள்ளிக் கொட்ட ஆரம்பித்தார்கள். சில வருஷத்துக்குள், இந்த வசதி இல்லாத கார்டில் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கேம்கள் வந்துவிட்டன.

அதற்குள் 3டிஎஃப்எக்ஸ் வேறு குழியிலும் விழுந்திருந்தது. எஸ்.டி.பி. என்ற கார்டு தயாரிப்பு கம்பெனியை வாங்கி, இனி கார்டுகளை நாங்களே செய்வோம் என்றார்கள். அதுவரை அவர்கள் சிப்பை வாங்கி கார்டு செய்து விற்ற கம்பெனிகளெல்லாம் வேறு சிப் தேடிப் போனார்கள். வூடூ5 தாமதமாக, 2000-ம் வருஷம் நடுவில் வந்தது. ஒரு சிப் போதாமல் ஒரே கார்டில் இரண்டு சிப். நாலு சிப் வைத்த மாடலுக்குத் தனியாக ஒரு பவர் சப்ளையே தேவைப்பட்டது. அது கடைக்கு வரவே இல்லை. டிசம்பரில் கதை முடிந்தது.

* * *

இதையெல்லாம் முப்பது வருஷம் முன்பே ஒரு கட்டுரை சொல்லிவைத்திருந்தது என்றால் நம்புவீர்களா?

எழுதியவர்களில் ஒருவர் நாம் பார்த்த அதே ஐவன் சதர்லண்ட். இன்னொருவர் டி.எச்.மையர். வருஷம் 1968. திரையில் படம் காட்ட ஒரு கருவி வடிவமைக்க உட்கார்ந்தார்கள். முதலில் சாதாரணக் கருவி. கோடு போடும் வேலையை அதனிடமே விட்டால் கம்ப்யூட்டருக்குச் சுமை குறையுமே என்று ஒரு வசதி சேர்த்தார்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. கடைசியில் பார்த்தால், கருவி தானே ஒரு முழுக் கம்ப்யூட்டராகி நின்றது! அதன் சுமையைக் குறைக்க அதற்கும் ஒரு தனிக் கருவி செய்யலாம் போலிருந்தது. மறுபடி முதல் புள்ளி. இதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் அழகு. மறுபிறவிச் சக்கரம்.

பட்டினத்தார் வாழ்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை ஓர் உடம்பை விட்டு இன்னோர் உடம்புக்குப் போகும். திரும்பி வரும். மறுபடி போகும்.

ஜிஃபோர்ஸோடு சக்கரம் கார்டு பக்கம் சுற்றியது. ப்ராசஸரின் கதி?

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தபோது, சீக்கிரமே 10 கிகாஹெர்ட்ஸ் என்றெல்லாம் பேசிக்கொண்டார்கள். 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தையே இன்டெல் கைவிட்டது. சூடு தாங்கவில்லை. ஆர்லாண்டோவில் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பேரட் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதுபோல் வேடிக்கை செய்தார். வேகம் ஏறாது என்று தெரிந்ததும் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஒரே ஆள் ஓடுவதற்குப் பதில் இரண்டு சர்வர், நாலு சர்வர்.

இது தெரியாமல், ஒரே சர்வர் மேலும் மேலும் வேகமாக ஓடுவார் என்று நம்பிக் கட்டப்பட்ட கேம்தான், ஜெர்மனியின் கிரைடெக் கம்பெனி 2007 நவம்பரில் வெளியிட்ட 'கிரைசிஸ்'. அன்றைய எந்தக் கம்ப்யூட்டரையும் பெண்டு நிமிர்த்தியது. 'அதில் கிரைசிஸ் ஓடுமா?' என்பது ஒரு தலைமுறையின் ஜோக். கார்டுகள் பிற்பாடு அதை ஊதித் தள்ளின. ஆனால் பத்து வருஷம் கழித்து வந்த உச்சக்கட்டக் கார்டைச் செருகினாலும் சில கட்டங்களில் அது தடுமாறியது. காரணம் கார்டு இல்லை. வேலையில் பெரும்பகுதி ஒரே கோரின் தலையில்.

இன்டெலும் விட்டுவிடவில்லை. சின்னச் சின்ன ப்ராசஸர் கோர்களை ஒன்றாகக் கோத்து கிராஃபிக்ஸ் கார்டாக்கும் 'லாரபீ' திட்டத்தைக் கையில் எடுத்தது. 2009 டிசம்பரில், அதைக் கார்டாகக் கடைக்குக் கொண்டுவரும் எண்ணத்துக்கு முழுக்குப் போட்டது.

ஏ.எம்.டி. வேறு பக்கம் போனது. ப்ராசஸர் கார்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஆர்டருக்கும் நடுவில் ஏகப்பட்ட சம்பிரதாயம். மூன்று காப்பியில் பில் போட்ட பிறகுதான் தோசை என்கிற மாதிரி. 2013-ல் அறிவித்த 'மான்டில்' அந்தச் சம்பிரதாயத்தைக் குறைத்தது. மெதுவான ப்ராசஸர்களுக்கு அது வரப்பிரசாதம். பிற்பாடு மான்டில் மறைந்தாலும் 2015-ன் டைரக்ட்எக்ஸ் 12, 2016-ன் வல்கன் இரண்டும் அதே பாதையில் வந்தவைதான்.

* * *

கடைசித் திருப்பங்கள் இன்னும் சுவாரசியம்.

2018-ல் என்விடியா 'டி.எல்.எஸ்.எஸ்.' என்ற வித்தையைக் கொண்டுவந்தது. படத்தைச் சின்னதாக வரைந்துவிட்டு, பெரிதாக்கிக் காட்டுவது. கார்டின் வேலை குறைந்தது. ஃபிரேம்கள் மளமளவென்று வந்தன. உடனே என்ன ஆகும்? மாஸ்டர் வேகமாகிவிட்டார், சர்வர் திணறுவார். பல வருஷமாகக் கார்டுதான் முக்கியம் என்று இருந்தவர்களுக்கு, திடீரென்று ப்ராசஸர் ஞாபகம் வந்தது.

2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட 'ரைசன் 7 5800எக்ஸ்3டி' இதற்குப் பதில். அதன் வேகம் முந்தைய 5800எக்ஸைவிடக் குறைவு! ஆனால் உள்ளேயே 96 மெகாபைட் கேஷ் மெமரி. கேம் ஓட்டும் ப்ராசஸர், கணக்கை விட மெமரியிலிருந்து தகவல் வரக் காத்திருப்பதில்தான் நேரத்தை விடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் சாமானை வைத்ததும் கேம்களில் அது எல்லாரையும் முந்தியது.

அதே வருஷ அக்டோபரில் என்விடியா இன்னொரு படி போனது. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் கார்டே ஒரு ஃபிரேமைத் தயாரித்துச் செருகியது. ப்ராசஸரைக் கேட்காமலே! ஆர்டர் வராமலே மாஸ்டர் தோசை வார்க்க ஆரம்பித்துவிட்டார். பார்க்க வழவழப்பு. ஆனால் அந்த நடு ஃபிரேமில் உங்கள் மவுஸ் அசைவு கிடையாது. அது ப்ராசஸரின் வேலையாயிற்றே.

2024 டிசம்பரில் இன்டெல் 'ஆர்க் பி580' கார்டை 249 டாலருக்கு விட்டது. பழைய கம்ப்யூட்டருக்குப் புத்துயிர் கொடுக்க நினைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு ஏற்ற விலை. புத்தம்புது ப்ராசஸரோடு சோதித்தபோது பிரமாதம் என்றார்கள். சில வாரத்தில் சிலர் பழைய ப்ராசஸர்களோடு சோதித்தார்கள். பல கேம்களில் வேகம் சரிந்தது. அந்தக் கார்டின் டிரைவர், ப்ராசஸர் தலையில் அதிகச் சுமை வைத்தது. யாருக்காக விலை குறைத்தார்களோ, அவர்களிடம்தான் அது சோபிக்கவில்லை.

1998-ல் வூடூ2 வாங்கி முழித்தவர்களின் அதே கதை. இருபத்தாறு வருஷம் கழித்து.

* * *

ஆக, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

'ப்ராசஸருக்கு இத்தனை, கார்டுக்கு இத்தனை' என்று ஒரு விகிதத்தை யாராவது அடித்துச் சொன்னால், எந்த வருஷத்து விகிதம் என்று கேளுங்கள். எந்த கேமுக்கு, எந்த மானிட்டருக்கு என்றும் கேளுங்கள். 1920-க்கு 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் சுமார் 83 லட்சம். நாலு மடங்கு. தோசை நாலு மடங்கு பெரிதானால் கஷ்டம் மாஸ்டருக்குத்தான். சர்வருக்கு அதுவும் ஓர் ஆர்டர், இதுவும் ஓர் ஆர்டர். நூற்றுக்கணக்கான படைவீரர்களும் நகரங்களும் நிறைந்த வியூக விளையாட்டு என்றால் தலைகீழ். அங்கே கணக்கு அதிகம், பாரம் சர்வருக்கு.

சல்லிக்காசு செலவில்லாமல் இதைக் கண்டுபிடிக்கலாம். கேமின் செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனை நன்றாகக் குறையுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஜிவ்வென்று ஏறினால், இதுவரை திணறியது கார்டு. புதுக் கார்டுக்குப் பலன் உண்டு. குறைத்தும் எண்ணிக்கை அசையவில்லையா? திணறுவது பெரும்பாலும் ப்ராசஸர். அப்போது எத்தனை ஆயிரத்துக்குக் கார்டு வாங்கினாலும் அது கரண்டியோடு சும்மா நிற்கும். சோதித்துப் பார்க்க டி.எல்.எஸ்.எஸ். மாதிரி வித்தைகளையும், ஃபிரேமுக்கு உச்சவரம்பு போடும் வி-சிங்க்கையும் அணைத்துவிட வேண்டும். பையன் எப்போதும் விளையாடுகிற கேமிலேயே, கூட்டமும் குண்டும் பறக்கிற இடத்தில் பார்க்க வேண்டும். இருபது நிமிஷ வேலை.

முழுக்கச் சமமாக ஒரு ஜோடி அமைந்துவிட்டது என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. அடுத்த கேம் வந்தால் தராசு வேறு பக்கம் சாயும். சைரிக்ஸ் வேலைகளின் பங்கீடு மாறாது என்று நம்பியது. 3டிஎஃப்எக்ஸும் நம்பியது. கிரைடெக்கும் நம்பியது. அவர்களிடம் கோடிக்கணக்கில் பணமும், உலகத்தின் தலைசிறந்த மூளைகளும் இருந்தன.

நம்மிடம் இருப்பது மாசச் சம்பளம். கடையில் மெதுவாக இருக்கிற ஆள் யார் என்று முதலில் பாருங்கள். பர்ஸை அப்புறம் திறக்கலாம்.